மாமன் பங்கு

பம்ப் கம்பெனி கேட்டில் திம்மராயன் ஆட்களை எண்ணுகிற அழகே தனி. ஷிப்டு விட்டதும் முந்நூறு பேர் முண்டியடித்துக்கொண்டு வெளியே வருவார்கள். அவர் ஒருவரையும் நிறுத்தமாட்டார். ஓரமாக நின்று இரண்டு விரலை ஆட்டி ஆட்டி, ஜோடி ஜோடியாக எண்ணிவிடுவார். அவர் சொல்கிற தொகையும் டைம் ஆபீஸ் கார்டுகளும் ஒரு நாளும் வித்தியாசப்பட்டதில்லை. மேனேஜர் ஒருமுறை கூப்பிட்டு, "எங்கய்யா கத்துக்கிட்டே இதை?" என்று கேட்டார். "ஆட்டுப் பட்டியில சார்" என்றார் திம்மராயன். மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். கணக்குச் சரியாக இருக்கிற ஒவ்வொரு நாளும் இந்த மனிதருக்கு ஒரு பழைய கணக்கு ஞாபகம் வரும் என்பது மேனேஜருக்கு எப்படித் தெரியும்?

ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எண்ணிக்கையில் ஒன்று குறையவேண்டும் என்று அவர் சாமியை வேண்டியிருக்கிறார். அது எழுபத்தெட்டாம் வருஷம் கார்த்திகை மாதம். இப்போது கம்பெனி நிற்கிற இடத்துக்கு அரை மைல் தள்ளி, தேன்கனிக்கோட்டை ரோட்டுப் பக்கம் அவருடைய பட்டி இருந்தது. எண்பத்திரண்டு ஆடுகள், ஒரு நாய், மனைவி நாகம்மா, இரண்டு வயதுப் பெண் பவளம்.

ஆடு வைத்திருந்த குடும்பங்களில் ஓநாயை ஓநாய் என்று சொல்லமாட்டார்கள். 'மாமன்' என்பார்கள். தாய்மாமனுக்கு வீட்டில் பங்கு உண்டல்லவா, அந்த மாதிரி இவனுக்கும் மந்தையில் பங்கு உண்டு. வருஷத்துக்கு ஒரு குட்டியோ இரண்டோ எடுப்பான். எடுத்துக்கொண்டு போகும்போது யாரும் சத்தம் போடக்கூடாது, துரத்தக்கூடாது, என்ன எடுத்தான் என்று உற்றுப் பார்க்கவும் கூடாது. சாப்பிடுகிறவனின் இலையை எட்டிப் பார்க்கிற மாதிரி அது. முகத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும். அப்படி மரியாதை கொடுக்கிற மந்தை பெருகும், கல்லெறிந்து விரட்டுகிற மந்தையில் நோய் விழும். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. சோறு எந்தக் கையால் சாப்பிடவேண்டும் என்பது போல அவர்களுக்குத் தெரியும்.

அந்தச் சாயங்காலம் வெயில் இறங்கிவிட்டது, ஆனால் வெளிச்சம் இருந்தது. நாகம்மா கொல்லையில் கேழ்வரகு அறுத்துக்கொண்டிருந்தாள். குளிருக்குப் பவளத்தைக் கறுப்புக் கம்பளித் துண்டில் சுற்றி, பாறை ஓரமாகத் தூங்கப் போட்டிருந்தாள். அந்தக் கம்பளி அவர்கள் ஆட்டு மயிரில் நெய்தது. பிள்ளையின் அரைஞாணில் மாமன் பல் ஒன்று கட்டியிருந்தது. பல் கட்டின பிள்ளையை மாமன் தொடமாட்டான் என்று நம்பிக்கை.

திம்மராயன் பட்டி வாசலில் நின்றிருந்தார். நாய் குரைத்தது. திரும்பினார். இருநூறு அடி தள்ளி, மேட்டின் மேல், மாமன் போய்க்கொண்டிருந்தான். வாயில் கறுப்பாக ஏதோ தொங்கியது. கருங்குட்டி என்று நினைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாய் அடங்காமல் அந்தப் பக்கம் பாய்ந்தது. கல்லை எடுத்து அதன் விலாவில் அடித்தார். அது ஊளையிட்டுக்கொண்டே வந்து காலடியில் படுத்தது.

அப்புறம் படலைத் திறந்து ஆடுகளை உள்ளே விட்டார், எண்ணிக்கொண்டே. எண்பத்திரண்டு இருந்தன. தப்பாக எண்ணிவிட்டோம் என்று எல்லாவற்றையும் வெளியே ஓட்டி மறுபடியும் எண்ணினார். அப்போதும் எண்பத்திரண்டுதான். கருங்குட்டிகள் ஏழும் இருந்தன. நின்றுகொண்டே இருந்தார். கொல்லைப் பக்கமிருந்து நாகம்மா "பவளம், பவளம்" என்று கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

ஊரே தேடியது. மறுநாள் ஓடைக் கற்களுக்கு இடையில் கம்பளித் துண்டு கிடைத்தது, சுற்றிலும் கால் தடம் இருந்தது. வேறு எதுவும் கிடைக்கவில்லை. பார்த்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாள் வாய் வரவில்லை. மூன்றாம் நாள் சொல்லியிருக்கலாம். அதற்குள் ஊர் ஒரு தீர்ப்பு எழுதிவிட்டது: பெற்றவள் பச்சைப் பிள்ளையைப் பாறையில் போட்டுவிட்டு அறுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாகம்மா அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பேசாதது அவருக்கு வசதியாகிவிட்டது. இதை நாசூக்காகச் சொல்ல வழியில்லை. மனைவி வெயிலில் நிற்க, அவள் நிழலில் இவர் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வருஷம் ஆடுகளை விற்றார்கள். கொல்லை தொழிற்பேட்டைக்குப் போயிற்று, பதிலுக்குக் கேட்டில் வேலை கிடைத்தது. காலனியில் ஓட்டு வீடு. வேறு பிள்ளை பிறக்கவில்லை. இருவரும் சண்டை போட்டதில்லை, சிரித்ததும் இல்லை. அவருக்கு அழுகை ஒரு தடவைகூட வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போகுமே, அப்படி உள்ளே ஏதோ மரத்துக் கிடந்தது. குழம்பில் உப்பு இல்லை என்றால்கூட அவருக்குத் தெரியாது. நாகம்மா சொல்லித்தான் தெரியும், அவளும் பல நாள் சொல்லமாட்டாள்.

தொண்ணூறாம் வருஷம் தை மாதம், ஒரு நாள் பகல் ஒன்றரை மணிக்குக் காலனியில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. தங்கதுரை தலைமையில் பத்துப் பேர் ஒரு கம்பத்தில் காலைக் கட்டி ஓநாய் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தங்கதுரை சேலத்துக்காரன், கம்பெனியில் ஃபிட்டர். இரும்பு ராடால் ஒரே போடு போட்டதாகச் சொன்னான். பெங்களூர் ரோட்டில் விடியற்காலையில் லாரி அடித்துப் போட்டதை டீக்கடை அப்துல் சலாம் பாய் தன் கண்ணால் பார்த்திருந்தார். "வீரன் வர்றான், வழி உடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் டீ ஆற்றப் போய்விட்டார்.

கூட்டம் நேராகத் திம்மராயன் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. காலனிக்கே கதை தெரியுமே! வாசலில் ஓநாயை இறக்கினார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, எலும்பும் தோலுமாக ஒரு நாயளவுதான் இருந்தது. விலாவில் கிரீஸ் ஒட்டியிருந்தது. கம்பெனிப் பின்சுவர் ஓரம் குப்பை தின்று வாழ்ந்திருக்கும் போல. மூக்கிலிருந்து ரத்தம் வாசல் கல்லில் சொட்டியது.

"அக்கா, வாங்கக்கா" என்றான் தங்கதுரை. துடைப்பத்தை எடுத்து நாகம்மா கையில் திணித்தான். "ஆத்திரம் தீர நாலு போடு போடுங்க. உங்க புள்ளயத் தின்ன ஜாதிதான இது."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். அதையும் சொல்லவேண்டும்.

நாகம்மா துடைப்பத்தோடு நின்றாள். கூட்டம் தப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தது. பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் மட்டும், தன் மகனுக்கு அரைஞாணில் கட்ட ஒரு பல் வேண்டுமென்று கட்டிங் பிளேயரோடு வந்து குந்தியிருந்தாள். ஓநாயின் உதட்டைத் தூக்கிக்கொண்டே, "இத அடிச்சி இன்னா ஆவப் போவுது? பெத்தவ ஒரு கண்ணு வச்சிருந்தா அன்னிக்கிப் போயிருக்குமா புள்ள?" என்றாள். அவளுக்கு இது புதிதில்லை. தண்ணிக் குழாயடியில் மாசம் ஒரு தடவையாவது சொல்லுவாள்.

திம்மராயன் கதவில் சாய்ந்து நின்றிருந்தார்.

நாகம்மா துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "எடுத்துக்கினு போயிடுங்க" என்றாள். பிறகு ஓநாயைப் பார்க்காமல், மெதுவாக, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மற்றவர்கள் பயம் என்று நினைத்தார்கள், துக்கம் என்று நினைத்தார்கள். தங்கதுரைக்கு முகம் தொங்கிப்போயிற்று. ஜோதியம்மாள் பல்லைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். கம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். திம்மராயனுக்கு மட்டும் அந்தத் திரும்பல் தெரிந்தது. பட்டி வாசலில் தான் திரும்பியது அப்படித்தான் இருந்திருக்கும். பதினோரு வருஷமாக மரத்துக் கிடந்த இடத்தில் ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்தது. சொல்லாவிட்டால் இனி அவள் சமைத்த சோறு தொண்டையில் இறங்காது என்று தோன்றியது. சொன்னால் அவள் சோறே போடாமல் போகலாம். போகட்டும் என்று நினைத்தார்.

நாகம்மா ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வாசல் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இரண்டரை மணி ஷிப்டுக்கு இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. அவர் காக்கிச் சட்டையைப் போட்டு, பொத்தான் மாட்டாமல் அவள் பக்கத்தில் குந்தினார்.

"நாகம்மா. அன்னிக்கி நான் பாத்தன்."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"மாமன் போனத பாத்தன். வாயில கறுப்பா இருந்திச்சி. குட்டின்னு நெனச்சி மூஞ்சத் திருப்பிக்கினன். நாயி ஓடிச்சி, அதையும் கல்லால அடிச்சி அடக்கிட்டன். அத உட்டிருந்தா புடிச்சிருக்கும். அப்புறந்தான் ஆட்ட எண்ணினன். எண்பத்திரண்டும் இருந்திச்சி. உன் மேல பழி வந்தப்ப வாயத் தொறக்கல. நான்தான். நீ இல்ல."

அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தார்.

நாகம்மா தேங்காய் நாரைக் கீழே போட்டாள். "நீங்க எங்க நின்னுக்கினு இருந்தீங்க?"

"பட்டி வாசல்ல."

"அவ்ளோ தூரத்திலயா?" அவள் ஈரக்கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் வரப்பு மேல இருந்தன். என்னத் தாண்டித்தான் போச்சி. இதோ, அந்தக் குழாய் இருக்கற தொலவுதான். கறுப்பா ஏதோ தரையில இழுபட்டுச்சி. இழுபடற சத்தங்கூட காதுல உழுந்திச்சி."

திம்மராயன் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நானும் திரும்பிக்கினன்" என்றாள் நாகம்மா. "இந்த வருசம் மாமன் தன் பங்குக் குட்டிய எடுத்துட்டான், மந்த பெருகும்னு நெனச்சன். கதிரக் கீழ வச்சிட்டு, கையெடுத்துக் கும்பிட்டன்."

கம்பெனிச் சங்கு ஊதியது. முதல் ஷிப்டு ஆட்கள் கேட்டை நோக்கி வந்துகொண்டிருப்பார்கள். திம்மராயன் எழுந்திருக்கவில்லை. அவளுடைய ஈரமான இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். முதலில் அவர்தான் அழுதார்.

அன்றைக்கு ஆட்களை எண்ணாமலே வெளியே விட்டார்கள்.