கறுப்பு வளையம் எதைத் தாங்காது

1

செப்டம்பர் 9, புதன். இன்று ஒரு சின்னத் தவறு. "கிராஃபைட் கேஸ்கட் எந்த அமிலத்தையும் தாங்கும்" என்று கதையில் எழுதிவிட்டேன். தாங்காதாம். கேஸ்கட் என்றால் குழாய் இணைப்பு ஒழுகாமல் இருக்க நடுவே வைக்கும் வளையம்.

அந்த வரியை எனக்குக் கொடுத்தவர் மாமா. தப்பு என்று சொன்னவள் அக்கா. அவர்கள் கணவன் மனைவி. ஒரே ரசாயனத் தொழிற்சாலையில் அவர் ஃபிட்டர், அவள் லேபில். சில வாரங்களாகப் பேச்சுவார்த்தை இல்லை. நான் அவர்கள் வீட்டில் தங்கி, பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து, மாலையில் கதை எழுதும் வகுப்புக்குப் போகிறேன்.

இந்தக் கதை அவர்களுடைய மௌனத்திலிருந்து பிறந்தது என்று சொல்லிக்கொண்டால் அழகாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. "கையால் செய்யும் ஒரு வேலையைக் கூர்ந்து பார்த்து எழுதுங்கள். எழுதி அடித்ததை மறைக்காதீர்கள்" என்றார் ஆசிரியை. நாளை மாலை வகுப்பில் வாசிக்க வேண்டும். பார்க்க வசதியாக இருந்தது மாமாவின் கை. அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "ஃபிட்டரின் நகக்கண்ணிலிருந்து கறுப்பு போவதே இல்லை."

நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மாமா தினமும் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுகிறார். கை அழுக்காக இருந்தால் உழைப்பாளி என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள் என்ற சோம்பேறித்தனம் எனக்கு. அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் எப்போதும் ஒரு"

[முடிக்கவில்லை. எப்படி முடித்தாலும் அது இந்த வீட்டைப் பற்றிய வாக்கியமாகிவிடும்.]

மூன்றாவது இது:

ஃபிட்டர் அந்தக் கறுப்பு வளையத்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட்தான், தகடாக அழுத்தி வட்டமாக வெட்டியது. தொட்டால் விரலில் பூசிக்கொள்ளும். இரண்டு குழாய்களின் தட்டையான வாய்களுக்கு நடுவே அதை வைத்து, போல்ட்களை எதிரும் புதிருமாக முடுக்கினார். ஒரே பக்கமாக முடுக்கிக்கொண்டு போனால் வளையம் அங்கே நசுங்கி, எதிர்ப்பக்கம் ஒழுகும். காஸ்டிக் சோடா வரட்டும், நீராவி வரட்டும், எந்த அமிலம் வேண்டுமானாலும் வரட்டும், கறுப்பு தாங்கும் என்பது அவர் கணக்கு. மேற்கு டேங்க் லைனின் ஜாயின்ட் எல்லாவற்றுக்கும் கறுப்பையே போட்டார்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: கிராஃபைட் சுலபத்தில் கிழிந்துவிடும் என்பதால் வளையத்துக்குள் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடு ஒன்றை வைத்துச் செய்கிறார்கள். இந்தத் தகடு கதைக்கு எதற்கு? அடித்துவிடலாம் என்று பென்சிலை எடுத்தேன். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.)

3

எனக்கு என் ஃபிட்டர் மேல் சந்தேகம் உண்டு. ஒரு மனிதர் தப்பே செய்யாமல் போல்ட் முடுக்கிக்கொண்டே இருந்தால் அது கதை இல்லை, செய்முறை விளக்கம். அதனால் அவருக்கு ஒரு கஷ்டம் கொடுக்கலாமென்று வீட்டிலிருந்தே ஒன்றை எடுத்தேன். கேட்காமல்தான் எடுத்தேன்.

போன மாதம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போகும் லைனில் ஒரு ஜாயின்ட் ஒழுகியது. யாருக்கும் அடிபடவில்லை. கழற்றிய வளையம் லேபுக்குப் போனது. அக்கா அறிக்கை எழுதினாள்: இந்த அமிலம் கிராஃபைட்டை ஒன்றும் செய்யாது, ஆகவே முடுக்கியதில்தான் குறை. முடுக்கியது மாமா. மேலாளர் அவரை எல்லோர் முன்னாலும் நிற்கவைத்து, இன்னொரு தடவை இப்படி ஆனால் போல்ட் முடுக்கும் ரிஞ்சைக் கையில் தொடவே விடமாட்டேன் என்றார்.

"வேற எவன் எழுதியிருந்தாலும் துடைச்சுப் போட்டுட்டுப் போயிருப்பேன்" என்றார் மாமா அன்று.

"வேற எவர் முடுக்கியிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்" என்றாள் அக்கா.

அதுதான் கடைசி. அதற்குப் பிறகு எல்லாம் என் வழியாகத்தான். "உன் மாமாகிட்ட சொல்லு, டீ ஆறுது." "உங்க அக்காகிட்ட சொல்லு, ஆறட்டும்." மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது நடுநடுவே ஓய்வெடுக்கும்.

4

சாப்பாட்டு மேசையில் வாசித்துப் பழகினேன். ஒழுகிய கதையை விட்டுவிட்டு, ஃபிட்டரின் கை வேலையை மட்டும். எனக்கு அவ்வளவு தைரியம் கிடையாது.

"எந்த அமிலம் வேண்டுமானாலும்" என்ற இடத்தில் அக்கா கரண்டியை வைத்தாள்.

"நிறுத்து. உன் ஃபிட்டர்கிட்ட சொல்லு. அடர் நைட்ரிக் வந்தா கறுப்பு தாங்காது. கிராஃபைட் அடுக்குக்குள்ள பூந்துடும், ஊதி, ஏடு ஏடா உரிஞ்சு வந்துடும்."

மாமா தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "உன் கதையில வர்ற லேப் அம்மாகிட்ட சொல்லு. அது காஸ்டிக் லைன். அங்க நைட்ரிக் எதுக்கு வருது?"

"கதையில லேப் அம்மாவே இல்லையே மாமா."

"இப்பத்தான் வந்து உக்காந்துட்டாங்களே. எழுதிக்கோ."

"எந்த லைன்னு உன் ஃபிட்டரைக் கேளு" என்றாள் அக்கா.

"அதான் வாசிச்சேனே அக்கா, மேற்கு டேங்க்."

"அது நீயா வச்ச பேரு இல்லையா? நெஜமாவே மேற்கு டேங்கா?"

நான் மாமாவைப் பார்த்தேன். இல்லாத பெயர் ஒன்றை வைக்கத் தோன்றாமல், அவர் சொன்னதை அப்படியே எழுதியிருந்தேன். கற்பனை வறட்சி என்று வகுப்பில் திட்டு வாங்குகிற குறை அது.

"நெஜம்தான்" என்றார் மாமா. "நேத்துத்தான் முடிச்சேன்."

அக்கா தட்டை நகர்த்தி வைத்தாள். "இனிமே அதுல காஸ்டிக் இல்ல. வெள்ளிக்கிழமை காலையில அடர் நைட்ரிக் ஏத்தறாங்க. லேபுக்கு அப்பவே சொல்லிட்டாங்க."

"எங்ககிட்ட எவன் சொன்னான்? ஜாயின்ட் எல்லாம் புதுசாப் போடுன்னு மட்டும் சொன்னான்."

வேறு நாட்களாக இருந்தால், அக்கா சாதம் போட்டுக்கொண்டே "மேற்கு டேங்க்ல நைட்ரிக் வருதாம்" என்று சொல்லியிருப்பாள். அவர் "அப்ப டெஃப்லான் போட்டுடறேன்" என்றிருப்பார். நைட்ரிக்கைத் தாங்குகிற வெள்ளை வளையம் அது. பேச்சு அதோடு முடிந்திருக்கும், எனக்குக் கதையும் கிடைத்திருக்காது. [இந்த வாக்கியத்தை எழுதியதற்கு வெட்கப்படுகிறேன். அடிக்கவில்லை.]

"ஏத்தும்போது வால்வுகிட்ட நிக்கறது யாரு?" என்றாள் அக்கா. இந்தத் தடவை அவள் என்னைப் பார்க்கவில்லை. "உங்களைத்தான் கேக்கறேன். நீங்கதானே?"

மாமா தண்ணீர் குடித்தார். "உங்க அக்காகிட்ட சொல்லு. நான்தான்."

5

ஒரு சாதாரணக் கதை இங்கே முடிந்துவிடும். ஆபத்து தெரிந்துவிட்டது, நாளை வளையங்களை மாற்றிவிடலாம். ஆனால் என் ஃபிட்டர், இல்லை, மாமா, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நாளைக்குப் போய் நான் போட்டதைப் பிரிக்கணும்னு சொல்லியாகணும். சொல்லிடுவேன், அதுல பேச்சே இல்ல. ஆனா போன தடவையும் என் தப்பு, இந்தத் தடவையும் என் தப்பு. அதோட ரிஞ்சைப் பிடுங்கிடுவான்."

"போன தடவை தப்பு இல்லேன்னா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. கை வேலையை எழுதியிருந்த தாளில் அந்த அடிக்குறிப்பு மட்டும்தான் இன்னும் வாசிக்காமல் இருந்தது. வாசித்தேன். வளையத்துக்குள் ஸ்டெயின்லெஸ் தகடு.

அக்கா தாளை வாங்கி அந்த வரியை மறுபடி படித்தாள்.

"ஹைட்ரோகுளோரிக் கிராஃபைட்டை ஒண்ணும் பண்ணாது. ஸ்டெயின்லெஸ்ஸை அரிச்சுடும்" என்றாள் பிறகு. "உள்விளிம்பு வழியாப் போய்த் தகடு அரிச்சிருந்தா, எவ்வளவு ஒழுங்கா முடுக்கினாலும் ஒழுகத்தான் செய்யும்."

"பிரிச்சுப் பார்த்தாங்களான்னு கேளு" என்றார் மாமா.

"பார்க்கல. மேலே மட்டும்தான் பார்த்தேன்."

"பார்க்காமயே எழுதிட்டாங்களான்னு கேளு."

"ஆமா. எழுதிட்டேன்." அக்கா எழுந்து தட்டுகளை அடுக்கினாள். "வளையம் இன்னும் லேப் அலமாரியிலதான் இருக்கு. நாளைக்குப் பிரிக்கிறேன். நீங்களும் வந்து நில்லுங்க."

மாமா என் பக்கம் திரும்பினார். "எழுத்தாளரம்மா, உங்க அக்காகிட்ட சொல்லு. மேலாளர்கிட்ட போறதுக்கு முன்னாடியே லேபுக்குப் போயிடலாம். ஏழு மணிக்கெல்லாம் கிளம்பணும்."

6

முடிவுகளை முறையாக எழுதிப் பார்த்தேன்.

அ) தகடு அரித்துப்போயிருக்கிறது. அக்கா தன் அறிக்கையைத் தானே மாற்றுகிறாள். மாமாவின் ரிஞ்ச் மாமாவிடமே இருக்கிறது.

ஆ) தகடு முழுசாக இருக்கிறது. அப்படியென்றால் முடுக்கியதில்தான் குறை. இருவரும் திரும்பி வரும் பஸ்ஸில்

இ) அலமாரியைத் திறந்தால் வளையம்

இதைப் பார்த்துக்கொண்டே பின்னால் நின்ற அக்கா பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

"எழுதாதே. போன தடவை முடிவை மனசுல முதல்லயே எழுதிட்டு, வளையத்தை அப்புறம் பார்த்தேன். உன் 'அ'வை மனசுல வச்சுக்கிட்டு நான் பிரிச்சா, இல்லாத ஓட்டை கூடத் தெரியும்."

"நாளைக்கு வகுப்புல வாசிக்கணும் அக்கா. முடிவு கேப்பாங்க."

"கேக்கறவங்ககிட்ட சொல்லு, அவங்களே பிரிச்சுப் பார்க்கட்டும்னு."

உங்களிடம் சொல்லிவிட்டேன். எனக்கு 'அ' வேண்டும். அதனாலேயே அது எனக்கு உதவாது. உங்களுக்கு எது வேண்டுமோ அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, வளையத்தை விளிம்பிலிருந்து பிரியுங்கள்.

நாளைய வேலை: மாமா மேற்கு டேங்க் ஜாயின்ட்களைத் திறந்து டெஃப்லான் போட வேண்டும். அதற்கு முன்னால் அக்கா அலமாரியைத் திறக்க வேண்டும். அலாரம் ஆறு மணிக்கு வைத்துவிட்டேன், டீ போடுவது நான். ஆறிப்போவதற்குள் குடித்துக்கொள்ளுங்கள் என்று இருவரிடமும் ஒரே தடவை சொன்னால் போதுமா என்று பார்க்க வேண்டும்.