முழங்கால் வரை ஒரு கோட்டு

ஆர்.கே.பேட்டையில் சிங்காரத்துக்கு எட்டு விசைத்தறிகள். எட்டிலும் ஓடுவது கட்டம் போட்ட லுங்கி. ஆனால் சம்பந்தி ஆதிகேசவன் ஓய்வு பெற்ற தாசில்தார் ஆயிற்றே! அவரிடம் போய் லுங்கி என்று சொல்ல வாய் வருமா? 'துணி ஏற்றுமதி' என்று அளந்துவிட்டார். அளந்ததை ஆறு மாதமாகக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றியும் வந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் ஸ்காட்லாந்தில் வேலை பார்க்கும் மகன் ஹேமநாதன், தன் கல்யாண வரவேற்புக்கு, அந்த ஊர் ஆண்கள் கட்டும் குட்டைப் பாவாடையான கில்ட்டைக் கட்டப்போவதாகச் சொல்லிப் பெட்டியைத் திறந்தான். சிவப்பும் பச்சையுமாகக் கட்டம். முழங்காலோடு சரி.

"இன்னாடா இது, லுங்கிய பாதியா அறுத்து எட்த்துகினு வந்துகிற?"

"லுங்கி இல்ல நைனா. அங்க மாப்பிள்ளைங்க இதான் போடுவாங்க. மேல போட சரியான கோட்டு ஒண்ணு தச்சிட்டா போதும்."

சிங்காரம் கத்திப் பார்த்தார், சாப்பிடாமல் இருந்து பார்த்தார். மகன் மசியவில்லை. கடைசியில் இருவருமாகத் திருத்தணியில் தையற்காரர் முருகவேலிடம் போனார்கள்.

ஹேமநாதன் போனில் படத்தைக் காட்டினான். "இடுப்போட நிக்கணும்ணா. நீளமாப் பூட்டா கில்ட்டே தெரியாது."

சிங்காரத்தின் காதில் தேன் பாய்ந்தது. மகன் டீ குடிக்கப் போன சமயம் பார்த்து, "முருகவேலு, முழங்கால் வரைக்கும் எறக்கிடு. ஒரு கட்டம்கூட வெளிய தெரியக்கூடாது" என்றார்.

"அதான் மொறைங்களா?"

"ஆங். அந்த ஊரு மொற."

கோட்டு மண்டபத்துக்கு வந்து சேர்ந்தபோது மணப்பெண் தேவிப்பிரியா மேடை ஏறிவிட்டாள். ஹேமநாதன் குதித்தான். வேறு கோட்டுக்கு எங்கே போவது? பல்லைக் கடித்துக்கொண்டு அதையே மாட்டிக்கொண்டு ஏறினான்.

கறுப்புக் கோட்டு முழங்காலுக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே மயிரடர்ந்த இரண்டு கால்கள், சாக்ஸ், பூட்ஸ். முருகவேல் சொன்ன சொல் தவறாதவர். ஒரு கட்டம்கூடத் தெரியவில்லை. சிங்காரத்துக்குப் பெருமை தாங்கவில்லை.

"அய்யய்யோ! மாப்ள பேண்ட் போட மறந்துட்டாருடி!" என்று எவளோ வீறிட்டாள். நாதஸ்வரம் நின்றது. நூறு போன்கள் உயர்ந்தன. தேவிப்பிரியா இரண்டடி தள்ளி நின்றாள். முன்வரிசையில் ஆதிகேசவன் எழுந்துவிட்டார்.

சிங்காரத்துக்கு நின்று யோசிக்க நேரமில்லை. மேடைக்கு ஓடினார். ஒரு கையால் மைக்கைப் பிடுங்கி, மறு கையால் மகனுடைய கோட்டை அகல விரித்தார்.

"உள்ள கட்டிகினுதான் கிறான்! லுங்கி! எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க, லுங்கி!"

மண்டபமே சிரித்தது. சிங்காரம் அவமானத்தில் குறுகிப்போய், மேடையை விட்டு இறங்கி ஆதிகேசவனுக்கு முன்னால் போய் நின்றார். "சம்பந்தி, நீங்க தப்பா..."

"இத்த சொல்றதுக்கு இன்னாங்க கூச்சம்?" என்றார் ஆதிகேசவன். "ரிடையர் ஆனதிலேர்ந்து வூட்ல நான் கட்றதே உங்க லுங்கிதான். லேபிள்ல உங்க போட்டோதானே கீது!"