ஒதுக்கி வைத்த சிலைடு

குடவாசல் பக்கத்து நடவுப் பெண்களிடம் எலிக்காய்ச்சல் எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்கத்தான் தமிழ்நிலா அந்த ஆராய்ச்சியைத் தொடங்கினாள். தஞ்சாவூர் ஆய்வகத்தில் அவளிடம் இருந்த கண்ணாடி சிலைடு ஒவ்வொன்றிலும் பல கிருமிகளின் புரதங்கள் நூற்றுக்கணக்கான நுண்புள்ளிகளாகப் பதிந்திருக்கும். காய்ச்சல் கண்டவரின் ரத்தநீரை அதன்மேல் விட்டால், உடம்பு எந்தக் கிருமியோடு போராடியதோ அதன் புள்ளிகள் மட்டும் கருவியில் ஒளிரும்.

ஐம்பத்து மூன்றாம் சிலைடில் எலிக்காய்ச்சல் புள்ளிகள் இருண்டு கிடந்தன. ஓரத்தில், சேற்றுமண்ணில் வாழும் வேறொரு கிருமியின் புள்ளிகள் பளிச்சென்று தெரிந்தன. ஒப்பிட்டுப் பார்க்கச் சேர்த்திருந்த கிருமி அது. சிலைடைச் சரியாகக் கழுவவில்லை போலும் என்று நினைத்தாள். அடுத்த தொகுதியோடு மறுபடி பார்க்கலாமென ஒதுக்கி வைத்தாள்.

அடுத்த தொகுதி வர ஒரு மாதம் ஆனது. மறுபடியும் அதே புள்ளிகள். அப்போதுதான் பதிவேட்டைப் புரட்டி அந்த எண்ணுக்குரிய பெயரைப் பார்த்தாள். அம்சம், வயது நாற்பத்தாறு, சர்க்கரை நோய் உண்டு. அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தபோது போனை எடுத்தவர் அம்சத்தின் கணவர் செல்லதுரை.

“அம்சம் போயி பதினோரு நாளாச்சும்மா. டிபின்னு மருந்து குடுத்தாங்க. கேக்கல.”

மறுநாள் காலையிலேயே தமிழ்நிலா அந்த ஊருக்குப் போனாள். ஆறுதல் மட்டும் சொல்லித் திரும்பியிருக்கலாம். வாசலில் நின்றபடியே நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டாள்.

“அப்பவே சொல்லிருந்தா?” என்று செல்லதுரை கேட்டார்.

“டாக்டர் அதுக்குன்னு டெஸ்ட் எடுத்து வேற மருந்து குடுத்திருப்பாங்க. பொழைச்சிருப்பாங்கன்னு உறுதியா சொல்ல முடியாதுங்க. ஆனா ஒரு வழி இருந்துச்சு. நான்தான் தவற விட்டுட்டேன்.”

 “அவகூட அதே வயல்ல நட்டவங்க எட்டுப் பேரு. அவங்களையாச்சும் பாருங்க,” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எட்டுப் பேரில் காய்ச்சலோடு படுத்திருந்தவள் அமிர்தம். அவள் ரத்தநீரை விட்ட சிலைடிலும் அதே புள்ளிகள் ஒளிர்ந்தன. தமிழ்நிலா அந்தக் கணமே மருத்துவருக்குப் போன் செய்தாள். மருத்துவமனைப் பரிசோதனையில் கிருமி உறுதியானது. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்டு அமிர்தம் தேறினாள்.

இரண்டாம் போகமான தாளடி நடவுக்கு முன் ஒருநாள் அமிர்தமே ஆய்வகத்துக்கு வந்தாள். “ஒங்களாலதாம்மா உசுரோட நிக்கிறேன்,” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தமிழ்நிலாவால் அந்த நன்றியை வாங்கிக்கொள்ள முடியவில்லை.

“செல்லதுரை ஐயா எப்படி இருக்காரு?” என்று கேட்டாள்.

“இருக்காரு. நான் எதுக்க வந்தா மட்டும் வேற தெருவுல திரும்பிடுறாரும்மா.”