பாத்திரத் தொட்டி மாகாணத்தின் அரசி

கிட்ட வந்து இருங்கள், என் செல்வங்களே. சக்கரவர்த்தி ஒருவர் சட்டி கழுவின கதை சொல்கிறேன்.

மொன்றியல் டவுன்டவுனில் பர்விஸ் என்ற ஈரானியர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். ஊரில் சரித்திர வாத்தியார். இங்கே படிப்பிக்க ஆள் கிடைக்காததால் சமையல் நடக்கும் குசினியைப் பழைய பாரசீகமாக்கி, மாகாணம் மாகாணமாகப் பிரித்துவிட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு சத்ரப், அதாவது ஆளுநர். சோற்றடுப்புக்குச் சிவராசா. பாத்திரத் தொட்டிக்கு மட்டக்களப்பு அக்னெஸ். தனக்கு மட்டும் ஷாஹன்ஷா, அரசர்களுக்கெல்லாம் அரசர் என்று பட்டம். அதைப் பலகையில் எழுதி வாசலுக்கு மேலே மாட்டியிருந்தார்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு வைகாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்னெஸின் மகள் நிரோஜாவுக்கு முதல்நன்மை, கோயிலில் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைச் சட்டை தைத்தாயிற்று. அம்மா இல்லாமல் பிள்ளையைப் பீடத்தடிக்கு யார் கூட்டிப்போவது?

அக்னெஸ் லீவு கேட்டாள்.

"சத்ரப் மாகாணத்தை விட்டுப் போகக்கூடாது," என்றார் பர்விஸ், இருவருக்கும் பாதி பாதி தெரிந்த பிரெஞ்சில்.

"சிவராசா அண்ணை கழுவுவார்."

"ஒருவன் கையில் இரண்டு மாகாணமா? கலகம் அப்படித்தான் தொடங்கும்."

அவர் போனதும் சிவராசா அடுப்படியிலிருந்து சிரித்தார். "நான் கலகம் செய்யிறதோ? முதுகையே நிமிர்த்தேலாமக் கிடக்கு. அரசரெண்டால் நினைச்ச நேரம் போகலாம், பிள்ளை. நீ வெறும் ஆளுநர்."

அக்னெஸ் ஒரு பெரிய சட்டியைத் தேய்த்து முடிக்கும்வரை யோசித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு பலகைக்குக் கீழே போய் நின்றாள்.

"ஐயா, உங்களுக்குக் கீழ எத்தனை அரசர்?"

பர்விஸ் விரல்விட்டு எண்ணினார். சத்ரப் ஐந்து பேர். அரசர் ஒருவருமில்லை.

"அப்ப நீங்க ஆளுநர்களுக்குத்தானே அரசர். பலகையில பிழையா எழுதிக் கிடக்கு."

வாத்தியாருக்கு முகம் வாடிப்போயிற்று. பிழையைப் பலகையில் விட்டுவைக்க அவருக்கு மனம் வருமா? அன்று பின்னேரமே சோறு வடிக்கும் தட்டை அவள் தலையில் கவிழ்த்து, தொட்டி மாகாணத்தின் அரசி என்று அறிவித்தார். சிவராசா அகப்பையால் சட்டியில் தட்டி மேளம் அடித்தார்.

"அரசி லீவு கேக்கத் தேவையில்லைத்தானே?"

"தேவையில்லை."

"அப்ப ஞாயிறு போறன்."

அக்னெஸ் அரசியாகிவிட்டதால் தொட்டிக்கு இப்போது சத்ரப் இல்லை. சத்ரப் இல்லாத மாகாணம் நேரே சக்கரவர்த்தியைச் சேரும். அதுவும் அவரே போட்ட சட்டம்தான்.

ஞாயிறு காலை நிரோஜா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பீடத்தடிக்குப் போனாள். அதே நேரம் முழங்கை வரை சவர்க்கார நுரையில் நின்றார் பர்விஸ்.

"மாமன்னா," என்றாராம் சிவராசா, "விளிம்பில இன்னும் கறி ஒட்டியிருக்கு."

உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் நல்ல நாட்களிலெல்லாம் நீங்கள் பக்கத்தில் நிற்கக் கிடைக்கட்டும், என் கண்ணுகளே. சட்டிகள் நிறைந்தே இருக்கட்டும். கழுவவும் ஓர் ஆள் வாய்க்கட்டும்.