ஒன்பதும் இருபத்திரண்டும்

என் மனைவி அமராவதிக்கு ஆயுள் இன்னும் எவ்வளவு என்று சொல்ல ராயபுரத்து லேபில் மூவாயிரத்து அறுநூறு ரூபாய் கேட்டார்கள். நாற்பது வருடமாகப் பனியன் துணி வாங்கி விற்கிறேன். பேரம் பேசாமல் நான் எடுத்துக்கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

குளியலறையில் லேசாக வழுக்கியதற்கே அவளுக்கு இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆனால் டாக்டர் நாகஜோதி, "இவ்வளவு லேசுல முறியக்கூடாதுங்க. உள்ள வேற எதாச்சும் இருக்குதான்னு ரத்தத்துல பாத்துடலாம்" என்றார். மடத்துக்குளத்தில் அவள் அக்காவுக்கும் இப்படி இடுப்பில்தான் ஆரம்பித்தது. புற்றுநோய். ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை.

சாயப்பட்டறைத் துணியை ஒரே லேபை நம்பி நான் வாங்கியதில்லை. இரண்டு இடத்தில் பார்ப்பேன். ரத்தத்தையும் அப்படியே இன்னொரு லேபுக்கும் அனுப்பினேன்.

"இருக்கற ரத்தத்தையும் வித்துப்போடுங்க," என்றாள் அமராவதி.

மறுநாள் இரண்டு காகிதம் வந்தன. வைட்டமின் டி ஒன்றில் ஒன்பது, மற்றதில் இருபத்திரண்டு. ஒரே ரத்தம் இரண்டு கணக்குச் சொன்னால் எதை நம்புவது? நல்ல சேதி வந்தாலும் நம்ப முடியாதே.

அறைக்கு வந்த டாக்டரிடம் நீட்டினேன். "நடுவுல, பதினஞ்சுன்னு முடிச்சுக்கலாமுங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "ரெண்டும் ஒண்ணுதானுங்க, ரெண்டு லேபும் வேற வேற அலகுல எழுதியிருக்காங்க. நீங்க கிலோவுல நிறுக்கறதை வெளிநாட்டுக்காரன் பவுண்டுல நிறுக்கறானில்லீங்களா, அந்த மாதிரி."

"அப்ப அந்த... அது?"

"கட்டி ஒண்ணுமில்லீங்க. அதுக்குப் பாத்தது சுத்தமா இருக்குது. டி சத்துதான் அடியில கெடக்குது. அது இல்லாம கால்சியம் உடம்புல ஒட்டாது. ரத்தம் தனக்கு வேணுங்கறதை எலும்புல இருந்து எடுத்துக்கும்."

முதலீட்டிலேயே கை வைத்துச் செலவு செய்திருக்கிறது. எனக்குப் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன்.

"மருந்துல தேத்திடலாம். அம்மா வெயில்லயே நிக்கறதில்லீங்களா?"

அமராவதி கட்டிலிலிருந்து பதில் சொன்னாள். "எட்டு மணிக்கு குடோனுக்குள்ள துணி செக் பண்ண உக்காந்தா, வெளிய வரப்போ இருட்டிரும். வெயில் பட்டா சாயம் வெளுக்கும்னு ஜன்னலையெல்லாம் இவருதான் அட்டை வெச்சு அடைச்சாரு. துணி வெளுக்கலீங்க. நான்தான் வெளுத்தேன்."



பத்தாம் நாள் வாக்கரோடு வாசலுக்கு வந்து, வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் கடிகாரம் பார்த்து எழுதிக்கொண்டேன்: பற்று, நாற்பது வருட வெயில். வரவு, இருபது நிமிடம். பாக்கி நிறைய நிற்கிறது. நிற்கட்டும், கட்ட நாள் இருக்கிறது.