டிபன் பாக்ஸுக்குப் பத்து நிமிடம்

பொம்மசந்திராவில் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு கம்பெனியில் புது ரெக்கார்டர் வந்து இறங்கிய வருஷம் அது. உலர்த்தும் அறையின் சூட்டைத் திரையில் கோடாக வரைந்துகொண்டே இருக்கும். எண்பத்தைந்து டிகிரிக்குக் கீழே இறங்கினால் சைரன் ஊதும். ஊதியது. தினமும், சொல்லிவைத்தாற்போல, பதினோரு மணிக்கு. அந்தச் சத்தத்தில் இருபது கிலோமீட்டர் தள்ளி நீலசந்திராவில் தூளியில் கிடந்த பிள்ளை எழுந்து உட்கார்ந்ததாகப் பேச்சு.

"நாளைக்கு கஸ்டமர் வர்றாங்க. அது ஊதுச்சுன்னா அதுவும் நீயும் ஒரே ஆட்டோல போயிடுங்க" என்றார் மேனேஜர் கோவிந்தப்பா, வின்சென்டிடம்.

அலாரம் அமைப்பது வின்சென்டின் வேலை. எல்லையை எண்பதுக்கு இறக்கினால் ஊதாது. ஆனால் கதவு திறந்து கிடந்து பீங்கான் விரிசல் விட்டாலும் ஊதாது. வேலை போகும் பயத்தைவிட, அந்தக் கோடு ஏன் பதினோரு மணிக்குக் குழி விழுகிறது என்பதுதான் அவனை அரித்தது. அறைக்கு எதிரே ஒரு டிரம்முக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான்.

பதினோரு மணிக்கு, கூட வேலை பார்க்கும் ரோஸி டிபன் பாக்ஸோடு வந்தாள். பின்னாலேயே பாதி கம்பெனி. கதவைத் திறந்து ஆளாளுக்கு டிபன் பாக்ஸை உள்ளே வைக்கப் போனார்கள்.

"அக்கா, இதுதானா?"

"பின்ன? கேஜிஎஃப்லருந்து முத டிரெயின்ல வர்றேன். நான் வந்து சேர்றதுக்குள்ள சோறு செத்துப்போவுது."

வின்சென்ட் திட்டவில்லை. ஒவ்வொன்றாக வைக்கச் சொல்லித் திரையைப் பார்த்தான். ரோஸியின் கருவாட்டுக் குழம்புக்குக் கோடு லேசாகத்தான் அசைந்தது. ஃபாத்திமாவின் பிரியாணி கொஞ்சம் இறக்கியது. சீதாலட்சுமியின் தயிர்சாதத்துக்குப் பள்ளமே விழுந்தது. கடைசியில் கோட்டைப் பார்த்தே குழம்பில் உப்பு குறைவு என்றான். ருசி பார்த்தார்கள், குறைவுதான்.

எல்லா பாக்ஸையும் சேர்த்து வைத்தாலும் சூடு ஒன்பது நிமிடத்தில் பழைய நிலைக்கு ஏறிவிட்டது. திறந்த கதவு என்றால் ஏறவே ஏறாது. எல்லையைத் தொடாமல், பத்து நிமிடம் பொறுத்த பிறகே ஊதும்படி டிலே வைத்தான். விஷயத்தை ரோஸிக்கு மட்டும் சொன்னான். அதாவது, கம்பெனி முழுக்கச் சொன்னான்.

மறுநாள் பதினோரு மணி. கஸ்டமர்கள் திரைக்கு முன்னால் நின்றார்கள். கோடு இறங்கியது. ஏறும் என்று வின்சென்ட் காத்திருந்தான். பத்து நிமிடம் ஆகியும் ஏறவில்லை. சைரன் ஊதியது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். பாக்ஸ்களுக்கு நடுவே, அதுவரை காணாத ஐந்தடுக்கு கேரியர் ஒன்று, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடு நின்றது. மூடியில் கோவிந்தப்பாவின் பெயரும் கல்யாணத் தேதியும் பொறிக்கப்பட்டிருந்தன.

"ஏன் ஊதுச்சு?" என்றார் ஒரு கஸ்டமர்.

பின்னாலேயே வந்த கோவிந்தப்பா கேரியரைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். "டெஸ்ட் சார். ஊதுதான்னு உங்களுக்குக் காட்ட வேணாமா?"

அவர்கள் தலையாட்டிவிட்டு நகர்ந்ததும் வின்சென்டின் காதருகே வந்தார். "டிலே எவ்ளோ வெச்சே?"

"பத்து நிமிஷம் சார்."

"பன்னெண்டு வை."

"உள்ள என்ன சார்?"

"ராகிக் களி."

வின்சென்ட் சற்று யோசித்தான். "களின்னா பதினஞ்சு வேணும் சார்."