தலைகீழ்ப் பைகள்

திரையில் ஒரு பை வந்து நின்றது. ஆரஞ்சும் நீலமுமாக ஒரே குழப்பம். உள்ளே கத்தி, கித்தி ஏதாவது இருக்கிறதா என்று சொல்ல வேண்டும். சத்தியமாக எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஏற்கெனவே இரண்டு பைகளைக் கோட்டை விட்டாயிற்று. இன்னொன்று போனால் நடையைக் கட்ட வேண்டியதுதான் என்று தேர்வு நடத்தும் விமான நிலைய அதிகாரி அப்போதுதான் சொல்லியிருந்தார். நடையைக் கட்டி எங்கே போவது? மறுபடி அண்ணன் வீட்டு சோபாவுக்கா? பழைய வேலை போனதிலிருந்து அங்கேதான் படுக்கிறேன்.

வீட்டில் நான் புலி. பைகளைச் சோதிக்கும் இந்த வேலைக்கு முதலில் விண்ணப்பித்தது அண்ணிதான். சாப்பாட்டு மேசையில் டேப்லெட்டைப் படுக்க வைத்து, எக்ஸ்ரே படங்களைப் பார்த்துப் பழகுவார். எதிரே வெங்காயம் நறுக்கிக்கொண்டே நான், “கத்தரிக்கோல், அண்ணி” என்பேன். அவர் அப்போதுதான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல், “எனக்கு இருக்கறது கண்ணு, உனக்கு எக்ஸ்ரேயா? நீயும் அப்ளிகேஷன் போடு” என்றார். அந்த அண்ணி காலையிலேயே தேறிவிட்டு வெளியே எனக்காகக் காத்திருக்கிறார்.

என் எக்ஸ்ரே மட்டும் எங்கே போய்த் தொலைந்தது? அதே மாதிரிப் படங்கள், அதே நிறங்கள். அண்ணி மேசைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்... அட கடவுளே! அவருக்கு நேராக இருந்ததெல்லாம் எனக்குத் தலைகீழாக அல்லவா இருந்தது! நான் பழகியதே தலைகீழ்க் கத்திகளோடுதான்.

படத்தைத் திருப்பிக் காட்ட முடியுமா என்று கேட்டேன். முடியாது, நேரம் ஓடுகிறது என்றார் அதிகாரி. வெட்கப்பட அவகாசமில்லை. எழுந்தேன், திரைக்கு முதுகைக் காட்டினேன், குனிந்து கால் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

ஐயோ, அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! சார்ஜர், செருப்பு, சோப்பு டப்பா எல்லாம் பளிச்சென்று தெரிந்தன.

“குடைக்குள்ள கத்தி, சார். அடுத்தது போடுங்க.”

அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. தலைக்கு ரத்தம் இறங்க இறங்க எனக்குக் குஷி ஏறியது. ஒன்றையும் விடவில்லை.

“வேலைக்கு வந்தா தினமும் இப்படியேதான் நிப்பீங்களா?”

“மேசையில இடம் மாறி உக்காந்தா நேராவும் பழகிடும் சார். கொஞ்ச நாள் குடுங்க.”

நிமிரப் பயமாக இருந்தது. கால் இடுக்கு வழியே பார்த்தேன். திரைக்கு அருகில் தலைகீழாகத் தெரிந்த அதிகாரி, டையை ஒரு கையால் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தானும் மெல்ல மெல்லத் தலையைக் கவிழ்த்துத் திரையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.